சமயம் பயில்வோர் – 9: இறுதியாண்டும் திருமயத்துச் சுவரும்

முதலாண்டுப் பாடங்களும் நெறியாளரைத் தேர்ந்துகொள்ளும் முறையும் முன்பே சொல்லப்பட்டுவிட்டன. தொடர்ந்து படித்து வருவோருக்கு அவற்றை மீண்டும் விரிக்க வேண்டியதில்லை.

நான்கு பருவங்கள் கொண்ட சமயவியல் முதுகலையில் கடைசிப் பருவம் பெரும்பாலும் ஆய்வேட்டுக்கு, அதாவது மாணவர் ஒரு சிக்கலைத் தாமே ஆராய்ந்து எழுதும் சிறுநூலுக்கு, ஒதுக்கப்படுகிறது. 'தமிழகத்தில் சைவ வைணவ உறவு' போன்ற தலைப்பைச் சுமந்துகொண்டு அப்பருவத்தில் நுழைபவர் முன்னுரையைக்கூடத் தாண்டுவதில்லை. ஆகவே விடுமுறையிலேயே தலைப்பை ஓர் ஊர், ஒரு கல்வெட்டு என்ற அளவுக்குக் குறுக்கிக்கொள்வது நலம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், கிறித்தவம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகள் இருந்தாலும், களம் அந்தப் பிரிவினைக்கு அடங்குவதில்லை. சித்தன்னவாசலின் சமணப் படுக்கைகள், கருவறையில் இலிங்கமில்லாத ஆவுடையார்கோயில், ஆவூர்த் தேவாலயம், காட்டுபாவா பள்ளிவாசல் ஆகிய அனைத்தும் புதுக்கோட்டை என்னும் ஒரே மாவட்டத்துக்குள் அமைந்திருக்கின்றன.

அம்மாவட்டத்திலேயே உள்ள திருமயம் தனித்துக் கூறத்தக்கது. அங்கு ஒரே குன்றின் தென்சரிவில் சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் ஆகியோரின் குடைவரைகள், அதாவது பாறையைக் குடைந்து ஆக்கிய கோயில்கள், அடுத்தடுத்து அமைந்திருக்க, இரு தரப்பாருக்கும் இடையே நெடுங்காலம் வழக்கு நடந்து வந்தது. 1245ஆம் ஆண்டு அதைத் தீர்த்து வைத்தவர் உள்ளூர்ப் பெரியவர் எவருமல்லர். போசள மன்னன் சோமேசுவரனின் தளபதியான அப்பண்ண தண்டநாயகர், கன்னட நாட்டிலிருந்து வந்த படைத்தலைவர். எக்கடவுள் பெரியவர் என்ற வினாவுக்குள் அத்தீர்ப்பு நுழையவேயில்லை. கோயில் வருவாயைப் பங்கிட்டது, இரண்டுக்கும் நடுவே மதில் எழுப்பச் செய்தது. சமயப் பூசல் என்று ஏடுகள் குறிப்பிடும் ஒன்று, கல்வெட்டில் சொத்து வழக்காகவே நிற்பதைக் காணும் மாணவருக்கு, கோட்பாட்டு நூல் எதுவும் தராத ஒரு கேள்வி கையில் கிடைத்துவிடுகிறது. அக்கோயில்களின் கல் வேறொரு செய்தியையும் வைத்திருக்கிறது: சிவன் குடைவரையில் இசை பற்றிய பழைய எழுத்துகளின் பெரும்பகுதியை அழித்து, அதே பாறை முகத்தில் பிற்காலத் தமிழ்க் கல்வெட்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே மாவட்டத்துக் குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு பெரும்பாலும் சிதையாமல் தப்பியது திருமயத்தாருக்குப் பொறாமையூட்டத்தக்கதே.

இத்தகைய கல்லைப் படிக்க மைப்படி எடுப்பதுண்டு; கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் பதியுமாறு தூரிகையால் தட்டி, காய்ந்து வருகையில் மையை ஒற்றினால், எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்பரப்பு கறுப்பாகவும் தோன்றும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் தொல்லியல் துறையின் அனுமதியின்றி இதைச் செய்ய இயலாதாகையால், விண்ணப்பத்தை மூன்றாம் பருவத் தொடக்கத்திலேயே அனுப்பிவிட வேண்டும். அனுமதி வரும்வரை, புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியைப் படித்துக் குறிப்பெடுக்கலாம். மார்கழியில் களப்பணி வைப்பது மட்டும் தவறு. வைகுண்ட ஏகாதசி நெருங்கும்போது பட்டர்களுக்குப் பேச நேரமிராது.

இந்தப் பகுதியில் விளக்கப்பட்டிருக்க வேண்டிய தேசியத் தகுதித் தேர்வு, அதில் சமய ஒப்பாய்வு என்னும் பாடம், எம்.ஃபில். கைவிடப்பட்ட பின் முதுகலையிலிருந்து நேரே முனைவர் பட்டத்துக்குச் செல்வோருக்கான 55 விழுக்காட்டு வரம்பு ஆகியன திருமயத்தின் பொருட்டு அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கப்படுகின்றன.

(தொடரும்)