ஆரணிப் பட்டும் பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடும்

பத்தாம் வகுப்புல படிச்ச இருபடிச் சமன்பாடு வாழ்க்கையில எங்கே உதவும்? இன்னைக்கு ஆரணிப் பட்டுச் சேலையை வச்சே பார்த்துடலாம்.

ஆரணியிலயும் தேவிகாபுரம் மாதிரி சுற்றியுள்ள ஊர்கள்லயும் பட்டு நூல், சரிகை கொடுத்து நெய்யச் சொல்லுவாங்க. ஒரு சேலைக்கு இவ்வளவுன்னு கூலி. விக்கிறவருக்கு ஒரு சிக்கல்: விலையை ஏத்தினா சேலைக்கு லாபம் கூடும், ஆனா விக்கிற எண்ணிக்கை குறையும். எந்த விலையில மொத்த லாபம் அதிகம்?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். நூல், சரிகை, சாயம், கூலி எல்லாம் சேர்த்து ஒரு சேலையின் அடக்க விலை 7,000 ரூபாய். 10,000-க்கு வித்தா மாசம் 40 சேலை போகுது. ஒவ்வொரு 500 ரூபாய் ஏத்தும்போதும் 4 சேலை குறையுது. எக்ஸ் தடவை ஏத்தினா:

லாபம் = (3,000 + 500 எக்ஸ்) × (40 − 4 எக்ஸ்)

இதைப் பெருக்கினா எக்ஸ் வர்க்கத்துக்கு முன்னாடி மைனஸ் வரும். அதனால வரைபடம் கவிழ்த்து வச்ச கிண்ணம் மாதிரி இருக்கும். லாபம் பூஜ்யமாகிற இடங்கள் ரெண்டு. 7,000-க்கு வித்தா லாபமே இல்லை. 15,000-ன்னா வாங்க ஆளே இல்லை. உச்சி சரியா நடுவுல, 11,000-ல. மாசம் 32 சேலை, லாபம் 1,28,000 ரூபாய்.

இப்போ நெசவாளர் கூலி சேலைக்கு 500 ரூபாய் கூடுதுன்னு வைங்க. அடக்கம் 7,500. புது நடுப்புள்ளி 11,250. அதாவது கூலி 500 ஏறினா, விலையை 250 மட்டும் ஏத்துறதுதான் லாபகரம். மூணு வழியையும் ஒப்பிடுவோம்:

விலையை ஏத்தாம 11,000-லயே வித்தா: 32 சேலை, லாபம் 1,12,000.
11,250-க்கு வித்தா: 30 சேலை, லாபம் 1,12,500.
முழு 500-ஐயும் ஏத்தி 11,500-க்கு வித்தா: 28 சேலை, லாபம் 1,12,000.

கூலி உயர்வால லாபம் குறையுது, அது உண்மை. ஆனா மூணு வழிக்கும் உள்ள வித்தியாசம் மாசம் வெறும் 500 ரூபாய்தான். ஏன்னா உச்சிக்குப் பக்கத்துல வளைவு கிட்டத்தட்ட சமதளம். விக்கிறவருக்குச் சின்னத் தொகை; தறியில உட்கார்றவங்களுக்கோ 28 சேலையா 32 சேலையாங்கிறது நாலு சேலைக் கூலி.

1838-லேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் கூர்னோ, ஒரு ஊற்றுநீர் உரிமையாளர் என்ன விலை வைப்பார்னு இதே மாதிரி சமன்பாடு போட்டுப் பார்த்தார். நிஜத்துல முகூர்த்த மாசத்துக்கு ஒரு வளைவு, ஆடி மாசத்துக்கு வேற வளைவு. அதனால முதல்ல உங்க விற்பனை நோட்டைப் பாருங்க. உச்சி எங்கேன்னு தெரிஞ்சதும், அதைச் சுத்தி எவ்வளவு சமதளம் இருக்குன்னும் பாருங்க. பேரம் பேச இடம் அங்கேதான் இருக்கு.