மழைக்காலத்துக் கோழி சூப்: சத்து தண்ணியிலா, கறியிலா?



அக்டோபர், நவம்பர் வந்துவிட்டால் நம் பேராக்கில் மழைதான். தைப்பிங் பக்கம் சொல்லவே வேண்டாம். ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் பிற்பகலில் பிடித்த மழை லேசில் விடாது. செம்பனைக் காட்டில் நனைந்து, ஈரத் துணியோடு வீடு திரும்புகிறோம். சளி, இருமல் என்று மருந்துக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே: "ஐயா, கோழி சூப் வெச்சுக் குடிக்கலாமா?"

தாராளமாகக் குடிக்கலாம். சூடான சூப் மூக்கடைப்பை இளக்கும், தொண்டைக்கு இதமாக இருக்கும், உடம்பில் நீர் வற்றாமல் காக்கும். 1978-ல் அமெரிக்காவின் மியாமி நகர டாக்டர்கள் சோதித்துப் பார்த்தபோது, பச்சைத் தண்ணீரை விடக் கோழி சூப் மூக்குச் சளியை விரைவாக நகர்த்தியது. ஆனால் அது சளிக் கிருமியைக் கொல்லும் மருந்து அல்ல.

செய்யும் விதம்: அரைக் கிலோ கோழியைத் தோல் நீக்கி எடுத்துக்கொள்ளுங்கள். கம்போங் கோழியானாலும் சரி, கடைக் கோழியானாலும் சரி. ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு, பெருவிரல் அளவு இஞ்சி, ஆறு பல் பூண்டு, பத்துச் சின்ன வெங்காயம் தட்டிப் போடுங்கள். மிளகு, சீரகம் வகைக்கு ஒரு தேக்கரண்டி இடித்துச் சேர்த்து, மஞ்சள் தூள் கொஞ்சம் போதும். கொதித்ததும் தீயைக் குறையுங்கள். கடைக் கோழிக்கு முக்கால் மணி நேரம், கம்போங் கோழிக்கு ஒரு மணிக்கு மேல். எலும்போரம் சிவப்பு தெரியக்கூடாது. கடைசியில் ஒரு காரட்டும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முருங்கைக் கீரை ஒரு கைப்பிடியும் போட்டு இறக்குங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். "சத்தெல்லாம் தண்ணியில எறங்கிடுச்சு, கறி வெறும் சக்கை" என்று சொல்லி, பிள்ளைக்குத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டுக் கறியை நாய்க்குப் போடுகிற வீடுகள் உண்டு. இது தவறு. வெந்த கறி 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கோப்பைத் தெளிந்த சூப்பிலோ சில கிராம்தான். நோயில் இளைத்த பிள்ளைக்கும், பிள்ளை பெற்ற தாய்க்கும் தேவை அந்தக் கறிதான். பிய்த்துப் போட்டு, குழைந்த சோற்றோடு பிசைந்து கொடுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே, சூப் வேண்டாம்.

கடையில் விற்கும் சூப் கட்டியில் உப்பு அதிகம். ஒருவருக்கு ஒரு நாள் முழுதுக்கும் ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கட்டியைத் தொடவே வேண்டாம். பச்சைக் கோழி வெட்டிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிஞ்சிய சூப்பை இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு மழைக்காலத்தில் ஒரு தோழர், காய்ச்சல் வந்து நான்கு நாள் சூப்பும் ரசமுமாகவே கிடந்தார். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. "மழையில நனைஞ்சது, சரியாப் போயிடும்" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகுதான் எலிக்காய்ச்சல், அதாவது கென்சிங் திக்குஸ் என்று தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

ஆகவே காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தம் சோதியுங்கள். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆஸ்பிரின் மாத்திரை கூடாது. இரண்டு வாரம் விடாத இருமலுக்குச் சளியைச் சோதிக்க வேண்டும், காசநோயாக இருக்கலாம்.

சூப் வையுங்கள், குடும்பத்தோடு குடியுங்கள். ஆனால் சூப்பை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்!