வில்லியனூர் சொன்னது, வீராம்பட்டினம் கேட்டது!

இரண்டு கம்ப்யூட்டர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் விந்தை

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், புதுச்சேரியை எட்டுவதற்கு முன் வலப்புறம் ஒரு சாலை பிரிந்து ஆரோவிலை நோக்கி மேடேறும். செம்மண் பூமியும் முந்திரித் தோப்புகளுமான அந்தப் பக்கத்தில் இருக்கிறது குயிலாப்பாளையம். அங்கே ஒரு வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று பழையது. பத்து வருஷத்துக் கல்யாணப் படங்களும், வீட்டுக் கணக்கும், பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும் அதில் இருக்கின்றன. மற்றது புதிது, காலியாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நான்கடி தூரம். இந்த நான்கடியைக் கடக்க என்ன வழி?

பலரும் இணையத்தின் வழியாகத்தான் அனுப்புகிறார்கள். படம் வீட்டை விட்டுக் கிளம்பி, எங்கோ ஒரு நகரத்திலுள்ள யந்திரத்தில் போய் உட்கார்ந்து, பிறகு பக்கத்து மேஜைக்குத் திரும்பி வருகிறது. அடுத்த வீட்டுக்குப் போகக் காசியைச் சுற்றி வருவது போலத்தான்! இணைப்பு இல்லாத நாளில் அதற்கும் வழியில்லை. ஆனால், ஒரு கம்பி போதும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வாய்க்கு நேரே காது

இரண்டு கம்ப்யூட்டர்களை நேரடியாக இணைப்பதில் ஒரே ஒரு சூட்சுமம்தான் உண்டு. ஒன்றின் வாய் மற்றதன் காதுக்கு நேரே இருக்க வேண்டும். ஒவ்வொரு யந்திரத்திலும் செய்தியை அனுப்ப ஒரு முனையும், வாங்கிக்கொள்ள ஒரு முனையும் இருக்கின்றன. அனுப்பும் முனையை அனுப்பும் முனையோடு சேர்த்துவிட்டால், திண்ணையில் இரண்டு பெரியவர்கள் ஒரே நேரத்தில் பேசுவது போல ஆகிவிடும். இருவரும் சொல்வார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

ஆகவே கம்பியைக் குறுக்கே மாற்றிக் கட்டினார்கள். பழைய கம்ப்யூட்டர்களின் முதுகில் ஒன்பது முள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். அதில் இரண்டாவது முள் கேட்பது, மூன்றாவது பேசுவது. இந்தப் பக்கத்து இரண்டை அந்தப் பக்கத்து மூன்றோடும், இந்தப் பக்கத்து மூன்றை அந்தப் பக்கத்து இரண்டோடும் சேர்த்து, ஐந்தாவது முள்ளை நேராக இணைத்தால் தீர்ந்தது வேலை. மூன்றே கம்பி! 1993-ல் வெளிவந்த எம்.எஸ்.-டாஸ் 6 இந்தக் காரியத்துக்கென்றே ‘இன்டர்லிங்க்’ என்னும் சிறிய ஏற்பாட்டைக் கூடவே கொடுத்தது.

வேகம் மட்டும் நத்தை வேகம். வினாடிக்கு 1,15,200 பிட் என்பது அந்த இணைப்பின் வழக்கமான உச்ச அளவு. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னும் பின்னும் அடையாளம் சேர்ப்பதால், உண்மையில் போய்ச் சேர்வது வினாடிக்கு 11,520 பைட். இன்றைய கைப்பேசியில் எடுத்த 50 லட்சம் பைட் படம் ஒன்று போய்ச் சேர ஏழு நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும்.

உப்பு மூட்டைக் கணக்கு

கம்பி இருந்தால் மட்டும் போதுமா? அனுப்பியது முழுசாக வந்ததா என்று யார் பார்ப்பது? லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள். ஒவ்வொரு மூட்டையாக எண்ணிக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் ‘சரி’ என்ற பிறகே அடுத்ததைத் தூக்க வேண்டும்.

1977-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து வார்டு கிறிஸ்டென்சன் செய்ததும் இதைத்தான். கோப்பை 128 பைட் கொண்ட சிறு சிறு மூட்டைகளாகக் கட்டினார். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. உள்ளே இருப்பவற்றைக் கூட்டி வந்த ஒரு தொகையும் கடைசியில் இருக்கும். வாங்கும் யந்திரம் தானும் கூட்டிப் பார்க்கும். கணக்கு ஒத்தால் ‘சரி’ என்று சொல்லும். ஒக்காவிட்டால் ‘மறுபடியும் அனுப்பு’ என்று கேட்கும். ‘எக்ஸ்மோடம்’ என்று பெயர் பெற்ற இந்த முறை உலகமெங்கும் பரவியது.

இன்று வீட்டில் செய்வது எப்படி?

இப்போதைய யந்திரங்களில் ஒன்பது முள்ளைத் தேட வேண்டியதில்லை. ஈத்தர்நெட் கம்பி ஒன்றை வாங்கி இரண்டிலும் செருகினால் போதும். வாயையும் காதையும் மாற்றிக்கொள்ளும் வேலையை அநேகமாக யந்திரங்களே பார்த்துக்கொள்கின்றன. முகவரி கொடுக்க யாரும் இல்லாவிட்டால், 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாங்களே வைத்துக்கொள்ளவும் அவற்றுக்குத் தெரியும். பழைய கம்ப்யூட்டரில் வேண்டிய கோப்புறையைப் பகிர்வதற்கு அனுமதித்துவிட்டு, புதியதிலிருந்து அதைத் திறந்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நகல் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வினாடிக்கு 100 கோடி பிட் செல்லும் கம்பியில், ஏழு நிமிஷம் பிடித்த அந்தப் படம் கண் இமைப்பதற்குள் வந்து சேரும்.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, இரு முனையும் தட்டையாக இருக்கும் சாதாரண யு.எஸ்.பி. கம்பியால் இரண்டு கம்ப்யூட்டர்களை இணைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் மின்சாரம் கொடுக்கப் பார்ப்பதால் யந்திரம் கெடக்கூடும். இரண்டாவது, வந்த கோப்புகளைத் திறந்து பார்க்கும் வரை பழையதை அழிக்கக் கூடாது. மூட்டையை எண்ணாமல் லாரியை அனுப்புகிறவர் உண்டா?

நான்கடி பல மைலானால்?

வீட்டுக்குள் கம்பி இழுக்கலாம். ஊருக்கும் ஊருக்கும் நடுவே இழுக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை காண நெடுந்தூரம் போக வேண்டாம். குயிலாப்பாளையத்திலிருந்து புதுச்சேரியைக் கடந்து மேற்கே போனால் வில்லியனூர்.

சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை இடம். எம்பலம், வீராம்பட்டினம் முதலான ஊர்களில் கிளைகள். எம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம் அமைந்தது. கிராமங்களுக்கு நம்பத்தக்க தொலைபேசி வசதி அப்போது ஏது? மின்சாரமும் நிச்சயமில்லை. ஆகவே இருவழி ரேடியோக் கருவிகளைக் கம்ப்யூட்டர்களோடு இணைத்தார்கள். ஒரே கருவியில் குரலும் போயிற்று, கோப்பும் போயிற்று. சூரிய ஒளியால் மின்கலங்களுக்குச் சக்தி ஏற்றிக்கொண்டார்கள். கம்பி இருந்த இடத்தில் காற்று. மற்றபடி அதே வாய், அதே காது!

என்ன செய்தி போயிற்று? நெல் விலை, மருத்துவமனை விவரம், அரசாங்க உதவித் திட்டங்கள். வீராம்பட்டினத்துக்கு மட்டும் இவற்றோடு இன்னொன்றும் வேண்டியிருந்தது. அது மீனவர் ஊர். விடியுமுன் கடலில் இறங்குகிறவருக்கு அன்றைய அலையின் உயரம் தெரிவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவா? வங்காள விரிகுடாவின் அலை முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்டு வந்தது. வில்லியனூரில் அதை எடுத்துத் தமிழில் எழுதி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அது கம்ப்யூட்டர் திரையோடு நின்றுவிடவில்லை. ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே கேட்கும்படி சொன்னார்கள். எழுத்துத் தெரியாதவரும் வலையைச் சரிசெய்துகொண்டே கேட்டுக்கொண்டார்.

அந்த ஒலிபெருக்கி ஏற்பாட்டின் அருமை 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. பக்கத்து மீனவ ஊரான நல்லவாட்டிலும் தகவல் மையம் இருந்தது. முன்பு அதில் தொண்டராக இருந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுனாமிச் செய்தியை அறிந்ததும் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். எச்சரிக்கை ஒலிபெருக்கியில் முழங்கியது. வீடுகளும் படகுகளும் போயின. ஆனால் சுமார் 3,600 பேர் கொண்ட அந்த ஊர் உயிர் பிழைத்தது. அன்று வந்தது கோப்பு அல்ல, ஒரு தொலைபேசிச் சொல்தான். ஆயினும், வந்த சொல்லை ஊர் முழுவதற்கும் கொண்டு சேர்க்கும் வழி முன்னமே தயாராக இருந்தது.

இன்று ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் அலை முன்னறிவிப்பு மீனவரின் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. கருவிகள் மாறிவிட்டன, விதி மாறவில்லை. அனுப்புகிறவர் இருந்தால் போதாது. கேட்கும் காது நேரே இருக்க வேண்டும். கேட்டதைச் சரிபார்க்கவும் வேண்டும். வீட்டுப் படங்களானாலும் கடலலைச் செய்தியானாலும், கடைசி நான்கடியைக் கடந்தால்தான் அது வந்து சேர்ந்ததாக அர்த்தம்.