செத்த செயற்கைக்கோளின் கடிகாரம்

2024 செப்டம்பர் 29-க்குப் பிறகு ஏவப்படும் தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களை, வேலை முடிந்த ஐந்தாண்டுக்குள் கீழே இறக்கிவிட வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் விதி. அந்தக் கெடுவையொட்டி வந்த கடிதங்களில் பல, கடல் மட்டத்தை ரேடாரால் அளந்து, 2006-லேயே அணைக்கப்பட்ட டோபெக்ஸ்/போஸைடன் செயற்கைக்கோளைப் பற்றிக் கேட்கின்றன. ஒரு வாசகரின் கேள்வி கூர்மையானது: “துல்லியமே சென்டிமீட்டர் கணக்கில்தான் என்றால், கடல் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் உயர்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?”

நாசாவும் பிரான்ஸின் விண்வெளி மையமும் 1992 ஆகஸ்டில் ஏவிய இந்தக் கோளிடம் எதிர்பார்த்த துல்லியம் 13 செ.மீ.; கிடைத்தது சுமார் 4 செ.மீ. என்று பெருமையாகச் சொல்வார்கள். அது ஒற்றை அளவீட்டின் துல்லியம். பத்து நாளுக்கு ஒருமுறை அதே தடத்தில் வந்து லட்சக்கணக்கில் அளக்கும்போது, கூடுதலும் குறைவுமான பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒரே பக்கமாகச் சாயும் பிழை அப்படிக் கழியாது. தையற்காரரின் நாடா இழுபட்டுப் போயிருந்தால், நூறு தடவை அளந்தாலும் சட்டை சரியாக வராது.

டோபெக்ஸின் நாடா, அதன் கடிகாரம். ரேடார் துடிப்பு 1,336 கி.மீ. கீழே போய்த் திரும்ப 9 மில்லிநொடிகூட ஆகாது. அந்த உயரம் 133 கோடி மில்லிமீட்டருக்கும் மேல். கடிகாரம் 133 கோடியில் ஒரு பங்கு பிசகினாலே கடல் மட்டம் ஒரு மில்லிமீட்டர் மாறிவிடும். கடிகாரத்தை இயக்கும் அலையியற்றியோ வயதாக ஆக மெல்லப் பிசகும். அதற்கான திருத்தத்தைத் தரையில் மென்பொருள் கணக்கிட்டது. அந்த மென்பொருளிலேயே பிழை இருந்தது 1996-இல்தான் தெரிந்தது. இல்லாத உயர்வு ஆண்டுதோறும் சில மில்லிமீட்டர் சேர்ந்துகொண்டிருந்தது! சந்தேகத்தைக் கிளப்பியவை தீவுகளிலும் துறைமுகங்களிலும் நீர்மட்டத்தைப் பதியும் ஓதமானிகள்.

கதை அதோடு முடியவில்லை. ரேடார் தன் துடிப்பைத் தனக்குள்ளேயே சுற்றவிட்டுத் தன் மூப்பையும் சரிபார்த்துக்கொண்டது. மூப்பு முற்றியதால் 1999 பிப்ரவரியில் மாற்றுக் கருவிக்கு மாறினார்கள். முதல் கருவிக்குப் போட்ட இந்தச் சுயதிருத்தமே தேவையற்றது என்று 2017-இல் ஒரு ஆய்வு சொன்னது. அதை நீக்கினால் முதல் ஆறாண்டு உயர்வு குறைகிறது. அதற்குப் பிந்தைய வேகம் பளிச்சென்று தெரிகிறது. கடல் முடுக்கத்தோடு உயர்கிறது என்று 2018-இல் வெளியான கணிப்பும் இந்த ஆறாண்டை எப்படித் திருத்துகிறோம் என்பதைப் பொறுத்ததே.

“திருத்தினார்கள், ஆகவே பொய்” என்று வாதாடுவோருக்கு இதில் இடமில்லை. பிழையைக் காட்டிக்கொடுத்தவை தனித்தியங்கும் கருவிகள். ஆனால் இந்த வரலாற்றை மறைத்து ஒற்றை எண்ணை மட்டும் அறிக்கைகளில் நீட்டுவது வாசகருக்குச் செய்யும் அநீதி.

மற்றக் கேள்விகள்:

மேகம் மறைக்காதா? மறைக்காது. ரேடார் துடிப்புக்கு நீராவியால் வரும் தாமதத்தை இன்னொரு கருவி அளந்தது.

ஏன் நின்றது? 2005 அக்டோபரில் கோளின் திசையைப் பிடித்துவைக்கும் சக்கரம் பழுதானது.

புதிய விதி இதற்குப் பொருந்துமா? பொருந்தாது. ஏவியது 1992-இல், நாசாவின் கோள்கள் அந்த ஆணையத்தின் உரிமத்தில் பறப்பவையும் அல்ல.

தலையில் விழுமா? அந்த உயரத்தில் இழுத்து இறக்கும் அளவுக்குக் காற்றில்லை. பல நூற்றாண்டு சுற்றும்.

வேறு கோளோடு மோதுமா? அந்த அச்சம் உண்டு. டோபெக்ஸும் அதன் வாரிசுகளில் ஒன்றான ஜேசன்-2-உம் இருந்த உயரத்திலிருந்து, மூப்படைந்த இன்னொரு வாரிசான ஜேசன்-1-ஐ 2012-இல் கீழே இறக்கியதும் மோதலைத் தவிர்க்கத்தான்.