கட்டைகளால் ஆன உலகம்... மைன்கிராஃப்ட் ஏன் இன்னும் அலுக்கவில்லை?

"அம்மா, என் வீட்டுக்கு ஜன்னல் வெச்சுட்டேன். வந்து பாரேன்!"

லீவு நாளில் இப்படி ஒரு குரல் உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கலாம். போய் எட்டிப் பார்த்தால் போன் திரையில் சதுரச் சூரியன், சதுர மேகம், சதுர மாடு. மனிதர்களின் தலைகூடச் சதுரம்தான். 'நாம் சின்ன வயதில் ஆடிய வீடியோ கேமே இதைவிடப் பார்க்க நன்றாக இருக்குமே... இதிலா இத்தனை மணி நேரம்?' என்று தோன்றும்.

அந்தச் சதுர உலகத்தின் பெயர் மைன்கிராஃப்ட். முதன்முதலில் வெளியானது 2009-ல். இன்று வந்த கேம் அடுத்த வருடமே பழசாகிப்போகிற தொழிலில், இது 15 வருடங்களைக் கடந்தும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2023 அக்டோபரில் 30 கோடி பிரதிகள் விற்றுவிட்டதாக அறிவித்தார்கள். தனி ஒரு வீடியோ கேம் இவ்வளவு விற்றது அதற்கு முன் நடந்ததில்லை. இத்தனைக்கும் இதில் 'ஜெயித்தே ஆக வேண்டும்' என்ற கட்டாயமே கிடையாது. அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

ஓய்வு நேரத்தில் பிறந்தது

ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்தவர் மார்கஸ் பெர்சன். இணைய உலகில் இவருக்கு 'நாட்ச்' என்று பெயர். கம்ப்யூட்டர் புரோகிராமராக வேலை பார்த்துக்கொண்டே, கிடைத்த நேரத்தில் ஒரு விளையாட்டை எழுதினார். 'இன்ஃபினிமைனர்' என்ற இன்னொரு கேமில் கட்டைகளைத் தோண்டி எடுக்கும் விதம் அவருக்குப் பிடித்திருந்தது. அந்தப் பொறியில் உருவானதுதான் மைன்கிராஃப்ட். 2009 மே 17 அன்று முதல் வடிவத்தை இணையத்தில் விட்டார்.

அரைகுறையாக இருந்தபோதே அதைக் குறைந்த விலைக்கு விற்கவும் ஆரம்பித்தார். வாங்கியவர்கள் 'இது வேண்டும், அது சரியில்லை' என்று சொல்லச் சொல்ல, மாற்றிக்கொண்டே வந்தார். பெரிய விளம்பரம் எதுவும் இல்லை. ஒருவர் சொல்லி ஒருவர் வாங்கினார்கள். முழு வடிவம் வெளியானது 2011 நவம்பர் 18-ல். ஆனால், அந்த வருட ஜனவரியிலேயே 10 லட்சம் பிரதிகள் விற்றுவிட்டன!

முதல் ராத்திரி பயம்

விளையாடாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கேமைத் திறந்ததும் உங்களை ஏதோ ஒரு காட்டிலோ புல்வெளியிலோ இறக்கிவிடும். கையில் ஒன்றும் இருக்காது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தரவும் ஆள் இருக்காது. மரத்தைக் கையால் குத்தினால் மரக்கட்டை கிடைக்கும். அதைப் பலகையாக்கி, பட்டறை மேஜை செய்து, அதில் ஒரு பிக்காசு செய்யலாம். மரப் பிக்காசு கல்லை உடைக்கும். கல் பிக்காசு இரும்பைத் தோண்டும். இரும்புப் பிக்காசு கையில் வந்தால்தான் வைரம்!

இந்த உலகில் ஒரு முழு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம். இருட்டினால் ஜாம்பிகளும் எலும்புக்கூடுகளும் கிளம்பிவிடும். அதனால் முதல் நாள் பொழுது சாய்வதற்குள் ஒரு குடிசையாவது கட்டியாக வேண்டும். நாலு பக்கமும் மண்ணை அடுக்கி, உள்ளே ஒரு தீப்பந்தத்தை நட்டு, வெளியே உறுமல் சத்தம் கேட்கக் கேட்க விடியலுக்குக் காத்திருந்த அந்த முதல் இரவை, ஆடியவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். மறுநாள் அந்தக் குடிசைக்கு ஒரு கதவு. அப்புறம் ஒரு ஜன்னல். பக்கத்தில் ஒரு கோதுமை வயல். பிறகு அது வீடாகிறது. பயமே வேண்டாம் என்பவர்களுக்கு, எல்லாக் கட்டைகளையும் இலவசமாகக் கொடுத்துக் கட்ட மட்டும் விடும் 'கிரியேட்டிவ்' முறையும் உண்டு.

இங்கே இயற்பியல் விதிகள்கூடக் கொஞ்சம் தளர்வுதான். மரத்தின் அடிப்பகுதியை வெட்டினாலும் மேல்பாதி அந்தரத்தில் நிற்கும். மணலும் சரளையும் போன்ற சில மட்டும்தான் கீழே விழும். எட்டு வயதுக் குழந்தை கட்டும் பாலம் இடிந்து விழாததற்கு இதுதான் காரணம். ஒரு கட்டையை எடு, இன்னோர் இடத்தில் வை. இது தெரிந்தால் போதும். மாட்டுக்கொட்டகையில் ஆரம்பித்துக் கோட்டை வரை போகலாம்.

தப்பில் பிறந்த வில்லன்

மைன்கிராஃப்ட் என்றதும் நினைவுக்கு வரும் பச்சை முகம் ஒன்று உண்டு. சட்டைகளிலும் ஸ்கூல் பைகளிலும் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் க்ரீப்பர். சத்தமில்லாமல் பின்னால் வந்து, 'ஸ்ஸ்ஸ்' என்று சீறி, அப்படியே வெடிக்கும். ஆசை ஆசையாகக் கட்டிய சுவரில் பெரிய ஓட்டை விழும்.

இந்த வில்லன் பிறந்ததே ஒரு தப்புக் கணக்கில்தான். பெர்சன் பன்றியை வரையப் போய், உயரத்துக்கும் நீளத்துக்குமான எண்களை மாற்றிப் போட்டுவிட்டார். படுத்திருக்க வேண்டிய உடம்பு செங்குத்தாக எழுந்து நின்றது. அதை அழிக்க மனம் வராமல் பச்சை நிறம் பூசி விட்டுவிட்டார். இன்று இந்த விளையாட்டின் அடையாளமே அந்தத் தவறிப்போன பன்றிதான்.

பூமியைவிடப் பெரியது

இன்னோர் ஆச்சரியம், இதன் அளவு. ஒரு கட்டை ஒரு மீட்டர் என்று கணக்கு. ஓர் உலகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 6 கோடி கட்டைகள். அதாவது 60,000 கிலோமீட்டர். பரப்பளவில் நம் பூமியைப்போல் ஏழு மடங்கு!

இதை யாரும் உட்கார்ந்து வரையவில்லை. 'சீட்' என்று ஓர் எண். அதிலிருந்து கணக்குப் போட்டு மலை, ஆறு, குகை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே உருவாக்குகிறது, நீங்கள் நடக்க நடக்க. எண் மாறினால் உலகமும் மாறும். உங்கள் மகள் நிற்கும் அந்த மலை உச்சியில் அவளுக்கு முன் யாருமே நின்றிருக்காமல் இருக்கலாம். குழந்தைகளை இழுக்கும் சங்கதிகளில் இதுவும் ஒன்று.

சிற்றில் சிதைப்பவர்கள்

நம் பிள்ளைத்தமிழ் நூல்களில் 'சிற்றில்' என்று ஒரு பருவம் வரும். சிறுமிகள் மணலில் சின்ன வீடு கட்டி விளையாடுவார்கள். பாட்டுடைத் தலைவனான குட்டிப் பையன் ஓடி வந்து காலால் எத்திவிடுவான். 'எங்கள் வீட்டைச் சிதைக்காதே' என்று அவர்கள் கெஞ்சுவார்கள். கட்டுவதற்கு ஒரு கூட்டம் இருந்தால், இடிப்பதற்கு ஒருவன் வருவான் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

2014 ஏப்ரலில் டென்மார்க் அரசின் நில அளவை அமைப்பு, தன் நாடு முழுவதையும் மைன்கிராஃப்டில் அதே அளவில் உருவாக்கி வெளியிட்டது. சுமார் 4 லட்சம் கோடி கட்டைகள்! பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித்தர உதவும் என்பது எண்ணம். சில வாரங்களில் யாரோ உள்ளே புகுந்து, கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்து, அமெரிக்கக் கொடிகளை நட்டுவிட்டுப் போனார்கள். உலகமே சிரித்தது. அரசும் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் சரிசெய்துவிட்டது.

ஆனால், அதே இடிப்பு ஒரு குழந்தைக்கு நடந்தால்?

ஒரு அப்பா திறந்த கதவு

கனடாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் டங்கன், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் அப்பா. ஆட்டிசம் பற்றி இணையத்தில் எழுதி வந்தவர். அவருக்கு மற்ற பெற்றோரிடமிருந்து ஒரே மாதிரியான புகார் வந்துகொண்டிருந்தது. 'என் பிள்ளைக்கு மைன்கிராஃப்ட் என்றால் உயிர். ஆனால், பொது சர்வரில் போனால் கேலி செய்கிறார்கள், கட்டியதை இடிக்கிறார்கள்' என்று. பள்ளியில் விரட்டப்படும் குழந்தை, விளையாட்டிலும் விரட்டப்பட்டால் எங்கே போகும்?

2013-ல் டங்கன் 'ஆட்கிராஃப்ட்' என்ற தனி சர்வரைத் தொடங்கினார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் மட்டும் அனுமதி. விண்ணப்பித்துத்தான் உள்ளே வர முடியும். பெரியவர்கள் எப்போதும் கண்காணிப்பார்கள். ஒருவர் கட்டியதை இன்னொருவர் தொட முடியாது. பத்து, இருபது பேர் வருவார்கள் என்று நினைத்தவருக்கு, முதல் இரண்டு நாட்களிலேயே நூற்றுக்கணக்கில் மின்னஞ்சல்கள் குவிந்தன.

முகம் பார்த்துப் பேசச் சிரமப்படும் குழந்தை, பக்கத்தில் இன்னொரு குழந்தையோடு சேர்ந்து சுவர் எழுப்புவதில் சிரமப்படுவதில்லை. இந்த உலகின் விதிகள் மாறாதவை. மரத்தைக் குத்தினால் எப்போதும் மரக்கட்டைதான். அந்த உறுதி, வெளியுலகம் புரியாமல் தவிக்கும் பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

நிஜத்துக்கு வந்த கட்டைகள்

2012-ல் ஐ.நா-வின் குடியிருப்பு அமைப்பான 'யுஎன்-ஹாபிடாட்' மைன்கிராஃப்ட் நிறுவனத்தோடு கைகோத்தது. திட்டத்தின் பெயர் 'பிளாக் பை பிளாக்'. ஊரில் ஒரு பொது இடத்தைச் சீரமைக்கும் முன், அங்கே வாழும் மக்களையே மைன்கிராஃப்டில் வடிவமைக்கச் சொல்வது. பொறியாளரின் வரைபடம் எல்லோருக்கும் புரியாது. கட்டையை நகர்த்தி, 'விளக்குக் கம்பம் இங்கே வேண்டும், பெண்கள் உட்கார இடம் அங்கே வேண்டும்' என்று யாரும் சொல்லிவிடலாம். கென்யாவின் கிபேரா குடிசைப் பகுதியிலும், நேபாளத்தின் கீர்த்திபூர் நகரத்துக் குளக்கரையிலும் இப்படித்தான் திட்டம் போட்டார்கள்.

2020 மார்ச்சில் 'எல்லைகளற்ற நிருபர்கள்' அமைப்பு இதற்குள் ஒரு நூலகமே கட்டியது. சவுதி, ரஷ்யா, எகிப்து, மெக்சிகோ, வியட்நாம் நாடுகளில் முடக்கப்பட்ட கட்டுரைகள் அங்கே புத்தகங்களாக இருக்கின்றன. செய்தித் தளங்களைத் தடை செய்யும் அரசுகள், குழந்தைகளின் விளையாட்டைத் தடை செய்ய மறந்துவிட்டன! அதே வருடம் கொரோனா பட்டமளிப்பு விழாவைக் கெடுத்தபோது, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் வளாகத்தையே கட்டைகளால் எழுப்பி, அதற்குள் விழா நடத்திக்கொண்டார்கள்.

படைத்தவர் போனார், உலகம் நின்றது

2014-ல் மைன்கிராஃப்ட் நிறுவனமான 'மோஜாங்'கை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. விலை 250 கோடி டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 15,000 கோடி ரூபாய். பெர்சன் விலகிக்கொண்டார். பணத்துக்காக விற்கவில்லை, தன் மனநிம்மதிக்காக விற்கிறேன் என்ற பொருளில் எழுதிவிட்டுப் போனார்.

'இனி அவ்வளவுதான்' என்று பலர் நினைத்தார்கள். நடந்தது வேறு. கடல் வந்தது, குகைகள் ஆழமாயின, புதிய விலங்குகள் வந்தன. ஒருமுறை வாங்கியவர்களுக்கு இந்த அப்டேட்கள் எல்லாம் இலவசம். இன்னொரு பக்கம் யூடியூப். 'நான் கட்டியதைப் பாருங்கள்' என்று ஆளாளுக்கு வீடியோ போட, 2021 டிசம்பரில் மைன்கிராஃப்ட் வீடியோக்களின் பார்வை எண்ணிக்கை 1 லட்சம் கோடியைத் தாண்டியதாக யூடியூப் அறிவித்தது. 2025 ஏப்ரலில் வந்த ஹாலிவுட் படமும் 90 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2011-ல் பத்து வயதில் ஆடியவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். பலர் பழைய உலகத்தை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். திறந்தால் அன்று வைத்த கதவு அங்கேயே இருக்கும்.

'ஒரு அஞ்சு நிமிஷம்மா...'

எல்லாம் சரி, பிள்ளை போனை விட்டு எழ மாட்டேன் என்கிறதே?

கவலை நியாயமானது. முடிவு இல்லாத விளையாட்டில் நிறுத்தும் இடத்தை நாம்தான் குறிக்க வேண்டும். அதற்கு அந்த உலகத்தின் கடிகாரமே உதவும். 'இன்னும் ஒரு பகல், ஒரு ராத்திரி. அவ்வளவுதான்' என்று சொல்லிப் பாருங்கள். கணக்கு 20 நிமிடம். குழந்தைக்கும் புரியும். இன்னொன்று, ஆட்டத்தில் உயிர் போனால் சேர்த்த பொருட்கள் எல்லாம் கீழே சிதறும். திரும்பிப் போய் ஐந்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். அதனால் அந்த 'அஞ்சு நிமிஷம்மா' சில நேரம் உண்மையாகவே அஞ்சு நிமிஷம்தான்!

சின்னக் குழந்தைகள் தனியாகவோ, தெரிந்த நண்பர்களோடு மட்டுமோ ஆடுவது நல்லது. முன்பின் தெரியாதவர்கள் இருக்கும் பொது சர்வர்களில், சாட் வசதியைக் கவனியுங்கள். கேமுக்குள் காசு கேட்கும் கடை உண்டு. கார்டு விவரத்தைப் போனில் சேமித்து வைக்காதீர்கள்.

முக்கியமாக, "வந்து பாரேன்" என்ற குரல் கேட்டால் ஒருமுறை போய்ப் பாருங்கள். இந்த விளையாட்டு ஆளைத் தேர்ந்தெடுத்துப் பரிசு தருவதில்லை. கட்டியதைக் காட்ட ஒருவர் கிடைப்பதுதான் அதில் பரிசு. ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கேளுங்கள். ஏன் அந்தப் பக்கம் வைத்தாள் என்பதற்கு நிச்சயம் ஒரு காரணம் வைத்திருப்பாள்.