வட்ட மேசையிலிருந்து வாக்குச்சாவடிக்கு

அயர்லாந்தில் அரசியலமைப்புச் சட்டத்தில் ஒரு வரி சேர்ப்பதானாலும் மக்களிடம் வாக்கெடுக்க வேண்டும். 1993 வரை ஆண்கள் இருவரின் உறவைக் குற்றமாக வைத்திருந்த அந்த நாடு, 2015இல் தன்பாலினத் திருமணத்தை அப்படித்தான் ஏற்றது.

முதல் கட்டம் அரசியலமைப்பு மாநாடு. பொதுமக்களிலிருந்து தெரிவு செய்யப்பட்ட 66 பேர், அரசியல்வாதிகள் 33 பேர், ஒரு தலைவர் என நூறு பேர். 2013 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் வட்ட மேசைகளில் கலந்து உட்கார்ந்தார்கள். சட்ட வல்லுநர்கள் விளக்கினார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் தரப்பும் பேசியது. தன்பாலின இணையரிடம் வளர்ந்த பிள்ளைகள் தங்கள் வீட்டைப் பற்றித் தாங்களே சொன்னார்கள். யாரைப் பற்றிய பேச்சோ அவர்களே எதிரில் இருந்தார்கள். இந்த ஏற்பாட்டின் உயிர் அதுதான் என்பேன். அதன்பிறகே வாக்கு: 79 சதவீதம் ஆதரவு.

அடுத்து, மக்களிடம் வைக்கும் கேள்வியை அரசு சுருக்கியது. பிள்ளை வளர்ப்பு, தத்து, பாதுகாவல் எல்லாம் 2015 ஏப்ரலில் தனிச் சட்டமாயின. பால் வேறுபாடின்றி இருவர் சட்டப்படி மணக்கலாமா என்பது மட்டுமே மக்கள் முன் வந்தது. எதிர்ப்பாளர்களின் சுவரொட்டிகள் பிள்ளைகளைப் பற்றியே பேசின என்பது வேறு கதை. ஒரு தரப்புக்காக அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாதென 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததால், நடுநிலை ஆணையம் ஒன்று வாக்காளர்களுக்கு விளக்கம் தந்தது.

பிறகு ஆதரவாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். எனக்கு மனம் வலிப்பது இந்தக் கட்டத்தில்தான். தான் விரும்பியவரை மணக்க, முன்பின் தெரியாதவர்களின் வாசலில் நின்று சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. வேறு எந்த மணமக்களிடம் ஊர் இதைக் கேட்கும்? ஆனாலும் கேட்டார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் லியோ வரத்கர் தான் ஒரு தன்பாலின ஈர்ப்பாளர் என்று 2015 ஜனவரியில் வானொலியில் சொன்னார். வெளிநாட்டில் இருந்தவர்களுக்குப் பொதுவாகத் தபால் வாக்கு கிடையாது. அதனால் வாக்களிக்க விமானத்திலும் கப்பலிலும் ஊர் திரும்பினார்கள்.

மே 22 வாக்குப்பதிவு. 62 சதவீதம் ஆதரவு; 43 தொகுதிகளில் ராஸ்காமன்–தெற்கு லீட்ரிம் மட்டும் மறுத்தது. ஆகஸ்டில் அரசியலமைப்புத் திருத்தத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். திருமணச் சட்டம் நவம்பர் 16இல் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டில் ஏற்கெனவே மணமுடித்து, சொந்த நாட்டில் தம்பதியாக எண்ணப்படாமல் காத்திருந்தவர்களின் திருமணங்களும் அன்றே செல்லுபடியாயின.