‘கள்ளக்குறிச்சியா? அந்த சாராய நியூஸ்...?’ இங்கிலீஷில் கேட்டால் என்ன பதில் சொல்வது?

கள்ளக்குறிச்சி:

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் இருந்து சென்னை, பெங்களூர், வெளிநாடு என்று வேலைக்குப் போனவர்கள் ஏராளம். 2024-ம் ஆண்டு ஜூன் மாதத்துக்குப் பிறகு அவர்களுக்கு ஒரு சங்கடம்.

ஊர்ப் பெயரைச் சொன்னதும் கூட வேலை பார்க்கும் வெளிமாநிலக்காரர், “ஓ... தட் லிக்கர் நியூஸ்?” என்று கேட்பார். பதில் மனசுக்குள் தமிழில் கடகடவென்று ஓடும். வாயைத் திறந்தால் “எஸ்... எஸ்...” என்பதோடு நின்று விடும். கேட்டவர் ‘குடிகார ஊர்’ என்று முடிவு கட்டிக் கொண்டு போய் விடுவார்.

இதற்குப் பெரிய இங்கிலீஷ் தேவை இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும்.

டீக்கடைப் பேச்சுதான்

ஒரே பேப்பரை நாலு பேர் பிரித்து வைத்துக்கொண்டு நாட்டு நடப்பை அலசிக் காயப் போடுகிறவர்கள் நம்ம ஆட்கள். இங்கிலீஷில் நியூஸ் பேசுவதும் அதே டீக்கடைப் பேச்சுதான். டி.வி.யில் செய்தி வாசிப்பது போல பேச வேண்டியது இல்லை.

“நியூஸ் பார்த்தீங்களா?” என்று ஆரம்பிக்க, “டிட் யூ சீ த நியூஸ்?” போதும். நல்ல செய்தி என்றால் “தட்ஸ் குட் நியூஸ்”. வருத்தமான செய்தி என்றால் “தட்ஸ் வெரி சேட்”.

‘ஆம்’ எங்கே போகும்?

“நேத்து மலையில செம மழையாம்” என்கிறோம். நேரில் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான் என்பதை அந்த ‘ஆம்’ காட்டி விடுகிறது. தமிழில் அது கடைசியில் வரும். இங்கிலீஷில் முன்னாடியே வந்து விடும். “ஐ ஹேர்ட்” என்று ஆரம்பித்தால் அதுதான் ‘ஆம்’.

“ஐ ஹேர்ட் இட் ரெயின்ட் எ லாட் இன் த ஹில்ஸ்.”

பேப்பரில் படித்தது என்றால், “ஐ ரெட் இட் இன் த பேப்பர்”. எழுத்து ‘ரீட்’தான். நடந்து முடிந்ததைச் சொல்லும்போது ‘ரெட்’ என்று உச்சரிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்ததை ‘ஆம்’ இல்லாமல் சொன்னால், நாமே நேரில் பார்த்த மாதிரி ஆகி விடும். பிறகு பொய் என்று தெரிந்தால் நம்ம பேச்சுக்குத்தான் மதிப்பு போகும்.

சாவுச் செய்தி

இறந்தவர்களைப் பற்றி நம்ம பக்கம் “எக்ஸ்பயர்ட்” என்பது வழக்கம். வெளிநாட்டுக்காரர் காதில் அது மருந்து காலாவதி ஆனது போல விழும். “லாஸ்ட் தேர் லைவ்ஸ்” என்றால் மரியாதையாக இருக்கும்.

அந்தக் கேள்விக்கு பதில்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் உள்ளிட்ட பகுதிகளில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கூலி வேலை செய்து பிழைத்தவர்களே அதிகம். அதே ஆண்டு நவம்பரில் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

இதை இப்படிச் சொல்லலாம்:

“இட் வாஸ் பாய்சன். இட் ஹேட் மெத்தனால் இன் இட். மோர் தேன் சிக்ஸ்டி பீப்பிள் லாஸ்ட் தேர் லைவ்ஸ். தே வேர் புவர் ஒர்க்கிங் பீப்பிள்.”

‘அது விஷம். மெத்தனால் கலந்திருந்தது. 60 பேருக்கு மேல் இறந்து போனார்கள். உழைத்துப் பிழைத்த ஏழைகள்’ என்று அர்த்தம். இவ்வளவு சொன்னாலே கேட்டவர் குரல் மாறி விடும்.

சொந்தத்தில் ஒருவரைப் பறிகொடுத்தவர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. “ஐ வுட் ராதர் நாட் டாக் அபவுட் இட்”, அதாவது ‘அதைப் பேச வேண்டாமே’ என்று சொல்லி விடலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

மரச்சிற்பமும் நம்ம ஊர்தான்

பேச்சை அதோடு விட்டு விடாமல், “வீ ஆர் ஆல்சோ நோன் பார் வுட் கார்விங்” என்று ஒரு வரி சேர்க்கலாம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்வராயன் மலையும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது.

கடைசியாக, “வாட்ஸ் த நியூஸ் பிரம் யுவர் பிளேஸ்?” என்று திருப்பிக் கேளுங்கள். ‘உங்க ஊர்ல என்ன விசேஷம்?’ என்பதுதான் இது. அவரும் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்தானே!